வானத்தில் இருந்த நீலம் எங்கே போச்சு?

இன்னைக்கு கதை ஒரு உயிலில் இருந்து ஆரம்பிக்குது.

லண்டனில் ஹென்றி வாகன் என்று ஒருத்தர் இருந்தார். தொப்பி செய்து விற்ற குடும்பம், நல்ல சொத்து. அந்தச் சொத்தில் பெரும்பகுதியை ஓவியம் வாங்குவதில் செலவழித்தவர். 1899-ல் அவர் இறந்தபோது, டர்னர் வரைந்த 38 வாட்டர்கலர் ஓவியங்களை எடின்பரோவில் இருக்கும் ஸ்காட்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கு எழுதி வைத்திருந்தார். கூடவே ஒரு கண்டிஷன். இந்த ஓவியங்களை வருஷத்தில் ஒரே ஒரு மாசம்தான் மக்களுக்குக் காட்டணும். அதுவும் ஜனவரியில். அதுவும் இலவசமா. மீதி 11 மாசம் உள்ளே பூட்டி வைக்கணும்.

டப்ளினில் இருக்கும் அயர்லாந்து தேசிய ஓவியக்கூடத்துக்கும் 31 டர்னர் ஓவியங்களை எழுதி வைத்தார். அங்கேயும் அதே ஜனவரி கணக்குதான். 100 வருஷத்துக்கு மேல இந்த இரண்டு ஊரிலும் இது ஒரு புத்தாண்டுச் சடங்கு மாதிரி நடந்துக்கிட்டு இருக்கு.

ஏன் ஜனவரி? எடின்பரோவில் ஜனவரி மாசம் சாயங்காலம் 4 மணிக்கெல்லாம் இருட்டத் தொடங்கிடும். பகலிலும் சூரியன் அடிவானத்தை ஒட்டியேதான் நகரும். வருஷத்திலேயே வெளிச்சம் ரொம்பக் கம்மியா இருக்கிற நேரம் அது. வாகன் பயந்தது திருடனுக்கு இல்ல, வெயிலுக்கு.

வெயிலையும் மழையையும் பனியையும் பிடிச்சு வைக்கிறதுக்காக வரைஞ்ச படங்கள். அதையே வெயிலுக்குப் பயந்து ஒளிச்சு வைக்க வேண்டிய நிலைமை எப்படி வந்துச்சு? அதுதான் இந்த எபிசோட்.

முதல்ல வாட்டர்கலர் எப்படி வீட்டை விட்டு வெளியே வந்ததுன்னு பார்த்துடலாம். அதோட ஆரம்பத்தில் கலையை விட ராணுவம்தான் அதிகம் இருக்கு. 1745-ல் ஸ்காட்லாந்தில் ஒரு பெரிய கிளர்ச்சி. அதை அடக்கின பிறகு, இந்த மலைப்பிரதேசத்தோட மேப்பே நம்மகிட்ட இல்லையேன்னு பிரிட்டிஷ் ராணுவத்துக்கு உறைச்சது. 1747-ல் சர்வே ஆரம்பிச்சாங்க. அதில் படம் வரையும் வேலைக்கு வந்தவர் பால் சாண்ட்பி. மேப்பில் ஆற்றுக்கும் காட்டுக்கும் நீர்த்த வண்ணம் பூசுவது அப்போதைய வழக்கம். சாண்ட்பி மேப் வேலை போக மீதி நேரத்தில் அதே வண்ணத்தை வைத்து எதிரில் இருந்த மலையை, தெருவை, மனுஷங்களை வரைய ஆரம்பித்தார். பின்னாடி 1768-ல் ஊலிச் ராணுவ அகாடமியில் டிராயிங் வாத்தியார் ஆனார். ஒரு அதிகாரிக்குத் துப்பாக்கி சுடத் தெரிவது எவ்வளவு முக்கியமோ, எதிரே இருக்கும் நிலத்தைப் படமாக வரையத் தெரிவதும் அவ்வளவு முக்கியம். கேமரா இல்லாத காலம், வேற வழியில்ல.

கிழக்கிந்தியக் கம்பெனியும் 1809-ல் அடிஸ்கோம்ப் என்ற இடத்தில் தன் சொந்த ராணுவப் பள்ளியைத் தொடங்கி, அதிலும் டிராயிங் சொல்லிக் கொடுத்தது. பிரிட்டிஷ் லைப்ரரியில் இருக்கும் பழைய மெட்ராஸ் வாட்டர்கலர் படங்களில் பல, இப்படிப் பயிற்சி எடுத்துக்கிட்டு வந்த அதிகாரிகள் வரைந்தவை. அது தனி எபிசோடுக்கான விஷயம், இப்போ தொடல.

அடுத்து ஹார்டுவேர். அதுவரைக்கும் ஓவியர் நிறப்பொடியைத் தானே அரைச்சு, பிசினில் குழைச்சு, சிப்பியில் வைத்துத்தான் வேலை செய்யணும். பிசின் என்றால் நம்ம ஊர் கருவேலம்பிசின் வகையறாதான். ஆப்பிரிக்க வேலமரத்தில் இருந்து எடுப்பது. 1780 வாக்கில் லண்டனில் ரீவ்ஸ் சகோதரர்கள் இந்தக் கலவையைச் சின்ன சோப்புக்கட்டி மாதிரி அச்சில் வார்த்து விற்க ஆரம்பித்தார்கள். ஈரத் தூரிகையைத் தேய்ச்சா போதும், வண்ணம் ரெடி. 1781-ல் கலைகளுக்கான சங்கம் அவர்களுக்கு வெள்ளிப் பரிசு கொடுத்தது. மேஜை மேல இருந்த ஓவியப்பட்டறை கோட் பாக்கெட்டுக்குள் போயிடுச்சு. டெஸ்க்டாப்பில் இருந்து போனுக்கு மாறின மாதிரி.

நேரமும் சரியா அமைஞ்சது. 1793-ல் இருந்து 1815 வரை பிரான்சோடு போர். நடுவில் கொஞ்ச நாள் அமைதி இருந்ததைத் தவிர, இங்கிலாந்துக்காரர்களால் இத்தாலிக்கோ சுவிட்சர்லாந்துக்கோ போக முடியல. அதனால சொந்த நாட்டையே சுற்ற ஆரம்பித்தார்கள். வேல்ஸ் மலை, யார்க்‌ஷயர் ஆறு, ஏரி மாவட்டம். இத்தாலிய வெளிச்சத்தைக் கற்பனையில் வரைந்தவர்கள் சொந்த ஊர் மழையைப் பார்க்கத் தொடங்கிய காலம் அது. இந்தக் கட்டத்தில் வருகிற இரண்டு பெயர்கள் டர்னர், தாமஸ் கர்ட்டின். இரண்டு பேருமே 1775-ல் பிறந்தவர்கள். பசங்களா இருக்கும்போது ஒரு டாக்டர் வீட்டில் சாயங்காலம் உட்கார்ந்து காசுக்குப் படம் காப்பி அடித்தவர்கள். கர்ட்டின் 1802-ல் 27 வயசிலேயே இறந்துட்டார். அவன் இருந்திருந்தா நான் பட்டினிதான் கிடந்திருப்பேன் என்ற மாதிரி டர்னர் பின்னாளில் சொன்னதாக ஒரு கதை உண்டு.

இப்போ கொஞ்சம் டெக்னிக்கலா போகலாம். இதுதான் கதையோட மையம்.

ஆயில் பெயிண்ட்டில் வெள்ளை வேணும்னா வெள்ளை பெயிண்ட் பூசுவாங்க. அந்தக் காலத்து வாட்டர்கலரில் பெரும்பாலும் அப்படிக் கிடையாது. வண்ணம் கண்ணாடி மாதிரி மெல்லிசு. வெளிச்சம் அதைத் தாண்டிப் போய், அடியில் இருக்கும் பேப்பரில் பட்டுத் திரும்பி வரும். வெள்ளை என்பது பூசாமல் விட்ட இடம். பனி மூடிய வயலை வரையணும்னா, வயலைத் தொடாமல் விட்டுட்டு மரத்தையும் வேலியையும் மட்டும் வரையணும். குளிர்காலப் படத்தில் நீங்க பார்க்கிற பனி, வெறும் பேப்பர். பேப்பர் மங்கினால் பனியும் சேர்ந்தே மங்கும். அந்தப் பழுப்பை இளவெயில்னு தப்பா நினைச்சுக்கக்கூட வாய்ப்பு இருக்கு.

அடுத்தது பச்சை. இங்கிலாந்து கிராமப்புறத்தை வரையணும்னா முக்கால்வாசி பச்சைதான். ஆனா அந்தக் காலத்தில் நல்ல, நிலையான பச்சை நிறப்பொடி கைக்குக் கிடைக்கல. நீலத்தையும் மஞ்சளையும் கலந்துதான் வரணும். நீலத்துக்குப் பலர் பயன்படுத்தியது இண்டிகோ. மஞ்சளுக்கு கேம்போஜ். இது தென்கிழக்கு ஆசிய மரம் ஒன்றின் பிசின், கம்போடியாங்கிற பேரே மருவித்தான் கேம்போஜ் ஆச்சு. மேகத்தோட சாம்பல் நிறத்துக்கும் இண்டிகோதான். அதோடு செம்மண் நிறம் கொஞ்சம் கலந்தால் மழைமேகத்துக்கு ஏற்ற ஒரு சாம்பல் கிடைக்கும். கர்ட்டினுக்கு ரொம்பப் பிடிச்ச வகைக் கலவை.

பிரச்சினை என்னன்னா, இண்டிகோ வெளிச்சத்தில் வெளுத்துப் போகும். செம்மண் போகாது. அது இரும்புத் துரு, ஏற்கெனவே துருப்பிடிச்சதுக்கு மேல என்ன ஆகிடப் போகுது?

இப்போ யோசிச்சுப் பாருங்க. நீலமும் சிவப்பும் கலந்த சாம்பல் மேகத்தில் இருந்து நீலம் மட்டும் மெதுவா காணாமல் போனால்? மேகம் ரோஸ் கலருக்கு மாறிடும். மழை வரப்போகிற மத்தியானம், அமைதியான சாயங்காலம் ஆகிடும். பச்சை மரத்தில் இருந்து நீலம் போனால்? மஞ்சளும் பழுப்பும்தான் மிச்சம். ஜூன் மாசத்தில் வரைந்த மரம், யாரும் தொடாமலேயே அக்டோபருக்குப் போயிடும். கேம்போஜும் வெளிச்சத்தை ரொம்பத் தாங்காது. சில படங்களில் மஞ்சள் முதலில் போய், மரங்கள் நீலமா நிற்கும்.

பழைய படம்னா எல்லாமே ஒரே சீரா மங்கும்னு நாம நினைக்கிறோம். அப்படி நடந்திருந்தால் பரவாயில்ல, மனசுக்குள்ளேயே பிரைட்னஸைக் கூட்டிப் பார்த்துக்கலாம். இங்கே ஒரு சேனல் மட்டும் கரப்ட் ஆகுது. மீதி இரண்டு சேனல் நல்லா இருக்கிறதால, படம் பார்க்க அழகாவே இருக்கும். தப்புன்னே தெரியாது. பழைய இங்கிலீஷ் வாட்டர்கலரில் ஒரு பொன்னிற அமைதி இருக்கு, அந்தக் காலமே அப்படித்தான் இருந்திருக்கும் என்று நாம் ரசிக்கிறோமே, அதில் ஒரு பகுதி வெறும் நீல இழப்பு.

நீலம் போச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிட்டாங்க? சில படங்களை ஃபிரேமில் இருந்து கழற்றும்போது, அட்டை மறைத்திருந்த ஓரத்தில் ஒரு விரல்கடை அகலத்துக்குப் பழைய நீலம் அப்படியே இருக்கும். ரோஸ் வானம், அதைச் சுற்றி நீல பார்டர். யாரும் திட்டம் போட்டு எடுத்து வைக்காத பேக்கப்.

இந்த நீலத்தோட ஊரைச் சொல்லாமல் போக முடியாது. இண்டிகோ என்பது நம்ம அவுரி. தலைமுடிக்கு அரைச்சுப் போடுவாங்களே, அதே செடியோட இலையை ஊற வைத்து, புளிக்க விட்டு, அந்தத் தண்ணீரைக் காற்றுப் படும்படி துடுப்பால் அடிச்சா நீலம் அடியில் படியும். அதைப் பிழிஞ்சு, கட்டிகளா வெட்டி, நிழலில் காய வைப்பாங்க. முன்னாடி கரீபியன் தீவுகளில் இருந்தும் அமெரிக்காவில் இருந்தும் லண்டனுக்குப் போன நீலம், 19-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பெரும்பாலும் வங்காளத்தில் இருந்து போனது. மெட்ராஸ் மாகாணத்தில் கடப்பா, தென்னார்க்காடு பக்கமும் அவுரித் தொட்டிகள் நிறைய இருந்தன. வங்காளத்தில் விவசாயிகளுக்கு முன்பணம் கொடுத்து, அந்தக் கடனில் மாட்டிவிட்டு, நெல் போட வேண்டிய நிலத்தில் அவுரி போட வைத்தார்கள். 1859-ல் அங்கே பெரிய கலவரமே வெடிச்சது. அடுத்த வருஷம் தீனபந்து மித்ரா அதைப் பற்றி ‘நீல் தர்பண்’ என்று ஒரு நாடகம் வெளியிட்டார். அந்த நீலத்தில் பெரும்பகுதி துணிக்குத்தான் போச்சு, ஓவியருக்குப் போனது சொட்டு அளவு. ஆனாலும் அந்தச் சொட்டில்தான் யார்க்‌ஷயர் மேகம் உருவாச்சு என்பது எனக்கு ஒரு வினோதமான விஷயமா படுது.

டர்னருக்கு இதெல்லாம் தெரியாதான்னு கேட்டால், தெரியும். வெளுத்துப் போகும் நிறங்களை ஏன் வாங்குறீங்க என்று பெயிண்ட் வியாபாரி வின்சர் ஒருமுறை கேட்டாராம். வின்சர் அண்ட் நியூட்டன் கம்பெனியோட அதே வின்சர். கலர் செய்வது உன் வேலை, அதை வைத்து என்ன செய்யணும் என்பது என் வேலை என்கிற தோரணையில் டர்னர் வாயை அடைத்துவிட்டார் என்பார்கள். புராடக்ட் டீமும் எஞ்சினியரிங் டீமும் பேசிக்கிற மாதிரியே இருக்கு.

இது வெளிப்படையான சண்டையாக வெடிச்சது 1886-ல். ஜே.சி. ராபின்சன், விக்டோரியா மகாராணியின் ஓவியச் சேகரிப்பைக் கவனித்து வந்தவர். மியூசியங்களில் பகல் வெளிச்சத்தில் மாட்டி வைத்திருக்கிற வாட்டர்கலர் படங்கள் செத்துக்கிட்டு இருக்குன்னு அவர் கிளப்பிய விவாதம் ‘தி டைம்ஸ்’ பத்திரிகையில் பற்றிக்கொண்டது. எதிர்த்தரப்பில் ஜான் ரஸ்கின். அந்தக் காலத்துக் கலை விமர்சகர்களில் சூப்பர்ஸ்டார், டர்னரோட முதல் ரசிகர். ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் வாட்டர்கலர் பாதுகாப்பானதுதான் என்பது அவர் கட்சி. இதில் ஒரு வேடிக்கை, சுமார் 30 வருஷத்துக்கு முன்னாடியே டர்னர் தேசத்துக்கு விட்டுப்போன ஆயிரக்கணக்கான தாள்களை உட்கார்ந்து அடுக்கி, வெளிச்சம் படாத பெட்டிகளில் வைக்க ஏற்பாடு பண்ணவரே ரஸ்கின்தான். அவர் சொன்ன ‘ஒழுங்காகப் பார்த்துக்கொள்வது’ என்பதற்கு நடைமுறை அர்த்தம், யாரும் பார்க்காமல் வைத்துக்கொள்வது.

வாய்ச்சண்டை முற்றியதும் அரசாங்கம் செய்த வேலை எனக்கு ரொம்பப் பிடிச்சது. டெஸ்ட் பண்ணிப் பார்த்துடலாம்னு முடிவு பண்ணாங்க. ரஸ்ஸல் என்ற வேதியியலாளர், போட்டோகிராஃபி ரசாயனத்தில் கில்லாடியான கேப்டன் ஆப்னி, இரண்டு பேரிடமும் வேலையைக் கொடுத்தார்கள். புழக்கத்தில் இருந்த வண்ணங்களை ஒவ்வொன்றாகப் பேப்பர் துண்டுகளில் பூசி, கண்ணாடிக் குழாய்களில் போட்டு, கிட்டத்தட்ட 2 வருஷம் வெயிலில் வைத்தார்கள். சில குழாயில் சாதாரணக் காற்று, சிலதில் ஈரக்காற்று, சிலதில் உலர்ந்த காற்று, சிலதில் காற்றே இல்லை. ஒரு வேரியபிளை மட்டும் மாற்றிப் பார்க்கிற சுத்தமான பரிசோதனை. 1888-ல் அறிக்கை வந்தது.

நிறைய வண்ணங்கள் வெளுத்தன. கார்மைன் போன்ற சிவப்புகளும் இண்டிகோவும் ரொம்ப மோசம். மண்ணில் இருந்தும் உலோகத்தில் இருந்தும் வந்தவை பெரும்பாலும் தாக்குப்பிடித்தன. இன்னொரு முடிவு யாரும் எதிர்பார்க்காதது: காற்றே இல்லாத குழாயில் பெரும்பாலான வண்ணங்கள் அசையவே இல்ல. வெளிச்சம் தனியா இந்தக் காரியத்தைப் பண்றதில்ல, ஈரமும் ஆக்சிஜனும் கூட்டு. குளிர் நாட்டிலேயே இந்தக் கதின்னா, ஐப்பசி மழையில் செருப்பே பூஞ்சை பிடிக்கிற நம்ம ஊரை நினைச்சுக்குங்க.

இன்னைக்கு மியூசியங்களில் பேப்பர் ஓவியங்களுக்கு 50 லக்ஸ் என்ற அளவில்தான் விளக்கு போடுவார்கள். மங்கலா இருக்கேன்னு எரிச்சல்படாதீங்க. வெளிச்சத்தால் வரும் சேதம் திரும்பாது, கூடிக்கொண்டே போகும். எஸ்எஸ்டி டிரைவில் இத்தனை தடவைதான் எழுதலாம் என்று ஒரு கணக்கு இருக்கும் இல்லையா, அது மாதிரி ஒவ்வொரு படத்துக்கும் இத்தனை மணிநேர வெளிச்சம்தான் என்று ஒரு கோட்டா. இங்கே ரீட் பண்றதுக்கே கோட்டா குறையுது. நான் போய் 10 நிமிஷம் பார்த்தால், எனக்குப் பிறகு வருகிற யாரோ ஒருத்தருக்கு 10 நிமிஷ அளவு கம்மியா தெரியும். ஹென்றி வாகன் லக்ஸ் மீட்டர் இல்லாமலேயே இந்தக் கணக்கைப் போட்டிருக்கார்.

இதுவரை பேசினவங்க எல்லாம் பெரிய பேர்கள். ஆனா ஒரே ஊரில் இருந்து, அதே வயலையும் வேலியையும் எல்லாப் பருவத்திலும் வரைந்தவர்கள் என்று தேடினால் டர்னர் அதில் வரமாட்டார். அவர் ஓடிக்கிட்டே இருந்த மனுஷன். வெளியில் பென்சிலில் கிறுக்கிக்கொண்டு வந்து, பெரும்பாலும் அறைக்குள் வண்ணம் போட்டவர். ஒரு கலர் படம் முடிக்கிற நேரத்தில் 15 பென்சில் ஸ்கெட்ச் போட்டுடலாம் என்பது அவர் கணக்கு. அந்த ஊரோடு ஒட்டின வேலையைச் செய்தவர்கள் பேர் தெரியாத அமெச்சூர்கள், அதில் பெரும்பகுதி பெண்கள். நடுத்தர வர்க்கத்துப் பெண்ணுக்குப் பியானோவும் வாட்டர்கலரும் கட்டாயப் பாடம். தனியா வெளியூர் போக அனுமதி கிடையாது. அதனால வீட்டைச் சுற்றி இருக்கிற ஒரு மைல் தூரத்தையே வருஷம் முழுக்கப் பார்த்தார்கள். கலை வரலாறு இவங்களைப் ‘பொழுதுபோக்கு’ன்னு ஒதுக்கினது அநியாயம் என்பது என் கட்சி.

அவர்களில் வெளியே தெரிய வந்த ஒருத்தர் ஈடித் ஹோல்டன். பர்மிங்காம் பக்கத்தில் ஓல்ட்டன் என்ற ஊர். பெண்கள் பள்ளியில் டிராயிங் டீச்சர். 1906-ஆம் வருஷம் ஒரு நோட்டில் ஜனவரி தொடங்கி டிசம்பர் வரை மாசவாரியா, இன்னைக்கு எந்தப் பூ பூத்தது, எந்தப் பறவை வந்தது என்று தேதி போட்டு எழுதி, பக்கத்திலேயே வாட்டர்கலரில் வரைந்து வைத்தார். அகலமான நிலக்காட்சிகள் அதிகம் இருக்காது, கிளை, முட்டை, பட்டாம்பூச்சி, பனியில் உட்கார்ந்த குருவி, இப்படித்தான். 1920-ல், கியூ என்ற இடத்தில் தேம்ஸ் ஆற்றோரம் ஒரு மரத்தின் மொட்டுகளை எட்டிப் பறிக்கப் போய், தண்ணீரில் விழுந்து இறந்தார். நோட்டு குடும்பத்திலேயே கிடந்தது. 1977-ல் அதை அச்சு அசலாகப் புத்தகமாகப் போட்டார்கள், லட்சக்கணக்கில் விற்றது.

71 வருஷம் மூடியே கிடந்த நோட்டு. மூடின நோட்டுக்குள் வெளிச்சம் போகாது. ஓவியக்கூடத்தில் மாட்டி ஊரே பார்த்துக் கொண்டாடிய படத்தில் மரம் பழுப்பாச்சு, டீச்சரம்மா நோட்டில் ஏப்ரல் ஏப்ரலாவே இருக்கு.

2019-ல் ‘தி வாட்டர்கலர் வேர்ல்ட்’ என்று ஒரு இணையதளம் தொடங்கினார்கள். 1900-க்கு முன்னாடி வரைந்த வாட்டர்கலர் ஆவணங்களை ஸ்கேன் பண்ணி, மேப்பில் அந்தந்த இடத்தில் குத்தி வைத்திருக்காங்க. போட்டோ வருவதற்கு முன் உலகம் எப்படி இருந்தது, கடற்கரை எவ்வளவு அரிச்சிருக்கு, பனிப்பாறை எவ்வளவு சுருங்கியிருக்கு என்று பார்க்க இது உதவும். அதில் இந்தியப் படங்களும் இருக்கு, நேரம் போவதே தெரியாது. பார்க்கும்போது ஒன்றை மட்டும் மனசில் வைங்க: கோட்டை நம்புங்க, நிறத்தை உடனே நம்பிடாதீங்க. பாறை எங்கே முடிஞ்சது, தண்ணீர் எதுவரை ஏறியிருந்தது என்பது பென்சில் கோடு, அது வெளுக்காது. ‘அப்போ புல்லு இவ்வளவு காய்ஞ்சா கிடந்தது?’ என்று தோணினால், அது வறட்சியாவும் இருக்கலாம், அவுரியாவும் இருக்கலாம்.

நீங்களே வேளச்சேரி ஏரியையோ உங்க ஊர்க் குளத்தையோ மாசாமாசம் வரைகிற ஆளாக இருந்தால், ஒரு சின்ன வேலை. உங்க பெட்டியில் இருக்கும் ஒவ்வொரு வண்ணத்தையும் ஒரே பேப்பரில் பட்டை பட்டையா பூசுங்க. பாதியை அலுமினியத் தாளால் மூடி, வெயில் விழும் ஜன்னலில் ஒட்டி வையுங்க. 3 மாசம் கழிச்சுத் தாளை எடுத்துப் பாருங்க. ரஸ்ஸல், ஆப்னி செய்ததோட குட்டி வெர்ஷன் இது, செலவு கிட்டத்தட்ட ஒண்ணுமில்ல. அதில் ‘இண்டிகோ’ன்னு பேர் போட்ட டியூப் இருந்தால், திருப்பிப் பின்னாடி இருக்கிற பொடி எழுத்தைப் படிங்க. பெரும்பாலும் அதில் அவுரியே இருக்காது. வேறொரு நிலையான நீலத்தோட கொஞ்சம் கறுப்பைக் கலந்து, பழைய பேரை மட்டும் வைத்திருப்பார்கள்.

உங்க ஜன்னல் ரிசல்ட்டை எங்களுக்கு அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.